அட்டைகளுக்கு எண் கொடுத்தவர்

சேர்த்தவர்களின் கதை – 12

சென்ற இதழில் ஹென்றி ஃபோல்ஜரைப் பார்த்தோம். ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்துகொண்டே, ஷேக்ஸ்பியர் நாடகங்களின் முதல் தொகுப்பில் 82 பிரதிகளை வாங்கிச் சேர்த்தவர். அதற்கு முந்தைய இதழில் ஜே.பி. மார்கன். இருவரிடமும் பணம் இருந்தது, வாங்கிக் கொடுக்க ஆட்கள் இருந்தார்கள், வாங்கியதை வைக்கத் தனிக் கட்டடமே எழுப்பும் வசதி இருந்தது. இந்த இதழில் வருபவருக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்க்கவில்லை. ஜெஃபர்சன் பர்டிக், நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில் ஒரு மின்சாதனத் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்திச் சம்பளம் வாங்கியவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. முப்பதுகளிலேயே மூட்டுவாதம் வந்து, விரல்கள் மெல்ல மெல்ல மடங்கிப் போயின.

அவர் சேர்த்தவை எல்லாம் மற்றவர்கள் குப்பைக்கூடையில் போட்டவை. சிகரெட் பெட்டிக்குள் வந்த படம், மிட்டாயோடு வந்த படம், சோப்புக் கம்பெனி சும்மா கொடுத்த வண்ண அட்டை, காதலர் தின வாழ்த்து, அஞ்சலட்டை, சுருட்டைச் சுற்றியிருந்த காகிதப் பட்டை, காகிதப் பொம்மை. 1963-ல் அவர் இறந்தபோது இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்ட காகிதங்கள் ஏறக்குறைய 400 ஆல்பங்களில் ஒட்டப்பட்டு, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருந்தன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. டூரரின் மரச்செதுக்குப் படங்களையும் ரெம்ப்ராண்டின் செப்புத்தகட்டுப் படங்களையும் பாதுகாக்கும் அதே அச்சுப்படப் பிரிவில்.

குப்பையில் கிடந்த காகிதம் அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று சொல்ல, முதலில் அந்தக் காகிதம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

1790-களின் இறுதியில் அலாய்ஸ் செனஃபெல்டர் என்பவர் மியூனிக்கில் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து, கல்லை ஈரமாக்கி, அதன்மேல் அச்சு மை தடவினால், ஈரம் பட்ட இடம் மையைத் தள்ளும், வரைந்த இடம் வாங்கிக்கொள்ளும். எளிய ரசாயனம். அடுத்த அரை நூற்றாண்டில் இது வண்ணத்துக்கு வந்தது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். மஞ்சள் கல்லில் அழுத்தி எடுத்த தாளை அடுத்து சிவப்புக் கல்லில், அதற்கடுத்து நீலக் கல்லில் துளி பிசகாமல் வைத்து எடுக்க வேண்டும். நல்ல அட்டை என்றால் பத்துக்கும் மேற்பட்ட கற்களைப் பார்த்திருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த புள்ளிகளும், ஒரு நிறம் மயிரிழை விலகிப்போன இடங்களும் தெரியும்.

இந்த வண்ணம் சாதாரண வீடுகளுக்குள் விளம்பரமாகத்தான் நுழைந்தது. 1876-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டு விழாக் கண்காட்சியில் கம்பெனிகள் அட்டைகளை வாரி வழங்கின. அடுத்த பதினைந்து ஆண்டுகள் அமெரிக்க வீடுகளில் படம் ஒட்டும் நோட்டு இல்லாத வீட்டைப் பார்ப்பது அரிது. தையல் நூல், மருந்து, அடுப்பு, காப்பித்தூள் எதை வாங்கினாலும் ஒரு வண்ண அட்டை. ஆர்பக்கிள் காப்பிக்காரர்கள் 1889-ல் அமெரிக்க மாநிலங்களின் வரைபடங்களையே தொடராக அச்சிட்டுப் பொட்டலத்தில் போட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவற்றை நோட்டில் ஒட்டினார்கள். வரலாற்றாசிரியர்கள் வெகுகாலம் இதைப் பெண்களின் பொழுதுபோக்கு என்று சொல்லிக் கடந்து போனது எனக்குப் பெரும் வருத்தம். அந்த நோட்டுகளில் பிழைத்துக் கிடந்தவைதான் பிற்காலத்தில் பர்டிக் போன்றவர்களின் கைக்கு வந்தன. அவருக்கு முன்னால் பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பெண்கள் சேகரிப்பாளர்களாக இருந்திருக்கிறார்கள்.

சிகரெட் அட்டைக்குப் பின்னால் இருந்தது வேறொரு தேவை. அன்றைய சிகரெட் பெட்டி மெல்லிய தாளால் ஆனது. உள்ளே இருக்கும் சிகரெட் நசுங்காமல் இருக்க ஒரு கெட்டி அட்டையைச் செருகினார்கள். வெற்று அட்டையைச் செருகுவானேன், படம் போடலாமே என்ற யோசனையைப் பெரும் கலையாக வளர்த்தவர்கள் வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டைச் சேர்ந்த ஆலன் அண்டு கின்டர் கம்பெனியார். பறவைகள், மீன்கள், தேசக் கொடிகள், கடற்கொள்ளையர், செவ்விந்தியத் தலைவர்கள் என்று தொடர் தொடராக வந்தன. 1887-ல் உலக சாம்பியன்கள் என்று 50 அட்டைகள். அதில் பேஸ்பால் ஆட்டக்காரர்கள் பத்துப் பேர்தான். மற்றவர்கள் குத்துச்சண்டைக்காரர்கள், துடுப்புப் படகு வீரர்கள், பில்லியர்ட்ஸ் ஆடுபவர்கள், மல்லர்கள், குறிபார்த்துச் சுடுபவர்கள். துப்பாக்கி வரிசையில் பஃபலோ பில்லுக்குப் பக்கத்தில் ஆனி ஓக்லி என்ற பெண்ணும் இருக்கிறார்.

இந்த அட்டைகளை விலங்கியல் பாடமாகவும் பூகோளப் பாடமாகவும் படித்தவர்கள் உண்டு. வண்ணப் படம் போட்ட புத்தகம் பணக்கார வீட்டுப் பொருளாக இருந்த காலம். தகப்பன் புகைத்து முடித்த பெட்டியிலிருந்து ஒரு பையனுக்குப் பறவையின் நிறம் கிடைத்தது. விற்றது புகையிலை என்ற கசப்பு ஒருபுறம் இருக்கட்டும், கிடைத்தது உண்மையான அறிவு.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? போட்டியிலிருந்து. ஜேம்ஸ் பான்சாக் 1881-ல் காப்புரிமை பெற்ற இயந்திரம் ஒரு நாளில் 1,20,000 சிகரெட் உருட்டியது. கையால் உருட்டுபவர் நிமிடத்துக்கு நான்கைந்து உருட்டினால் கெட்டிக்காரர். பொருள் மலைபோல் குவிந்தது. குவிந்ததை விற்க, ஒவ்வொரு கம்பெனியும் அடுத்தவனைவிட அழகான அட்டையைப் போட வேண்டியிருந்தது. 1890-ல் ஜேம்ஸ் டியூக் முன்னணிக் கம்பெனிகள் ஐந்தையும் ஒன்றாக்கி அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியை உருவாக்கினார். அவருடைய சொந்தக் கம்பெனி, ஆலன் அண்டு கின்டர், கின்னி, கிம்பல், குட்வின். போட்டி செத்தது, கொஞ்ச காலத்தில் அட்டையும் செத்தது. ஏகபோகக்காரனுக்குப் படம் எதற்கு?

சுமார் 1909 வாக்கில் அட்டைகள் திரும்பவும் வந்தன. அப்போது டியூக்கின் கம்பெனி மீது அரசு தொடுத்த ஏகபோக வழக்கு நடந்துகொண்டிருந்தது. 1911-ல் உச்ச நீதிமன்றம் கம்பெனியை உடைக்க உத்தரவிட்டது. இந்த இரண்டாம் அலையில் வந்ததுதான், ஒன்றரை அங்குல அகலம்கூட இல்லாத பேஸ்பால் அட்டை வரிசை. வகைகளையும் சேர்த்து எண்ணினால் 524. முன்பக்கம் ஆட்டக்காரரின் வண்ணப் படம், வெள்ளைக் கரை, கீழே பெயரும் ஊரும். பின்பக்கம் சிகரெட் விளம்பரம். அதன் அதிகாரப்பூர்வப் பெயர் என்னவென்று அதில் எங்கும் அச்சிடப்படவில்லை. வருடம் இல்லை, வரிசை எண் இல்லை. இந்த விடுபடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பர்டிக்கின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பர்டிக் பிறந்தது 1900-ல், சிராக்யூஸுக்கு வடக்கே சென்ட்ரல் ஸ்கொயர் என்ற சிற்றூரில், விவசாயப் பகுதியில். இரண்டாம் அலை வந்தபோது அவருக்குச் சரியான வயது. அந்தக் காலத்துப் பையன்கள் சுருட்டுக்கடை வாசலில் நின்றுகொண்டு, வெளியே வருகிறவர்களிடம் அட்டையைக் கேட்டு வாங்குவார்கள். வீட்டில் அப்பாவிடம், இந்த வாரம் வேறு பிராண்டு வாங்குங்கள் என்று கெஞ்சுவார்கள். பிறகு உலகப் போர் வந்தது, அட்டைகள் மறைந்தன, பையன்கள் வளர்ந்தார்கள். பெரும்பாலானவர்களின் அட்டைகளை வீட்டில் சுத்தம் செய்தவர்கள் எறிந்தார்கள்.

பர்டிக் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படித்து 1922-ல் பட்டம் பெற்றார். கடைசியில் கிரௌஸ்-ஹைண்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை. அமெரிக்க நகரங்களின் போக்குவரத்து விளக்குகளைச் செய்து புகழ்பெற்ற நிறுவனம் அது. முப்பதுகளில் அவர் மறுபடியும் அட்டைகளின் பக்கம் திரும்பினார். மூட்டுவாதம் அவரைப் பிடித்ததும் அதே பத்தாண்டில்தான். நடமாட்டம் குறையக் குறைய, தபாலில் வரும் உறைகள் அவருடைய உலகமாக ஆகியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 1935-ல் ஹாபீஸ் என்ற பத்திரிகையில் அட்டைகளைப் பற்றி எழுதினார். 1937-ல் அட்டை சேர்ப்பவர்களுக்கென்றே ஒரு சிறு இதழைத் தொடங்கினார். அந்த இதழ் நாடெங்கும் சிதறிக் கிடந்தவர்களைக் கடிதத்தால் சேர்த்துக் கட்டியது.

அப்படிச் சேர்ந்தவர்களுக்கு உடனே ஒரு சிக்கல் வந்தது. ஓஹையோவில் இருப்பவர் சிராக்யூஸில் இருப்பவருக்கு எழுதுகிறார்: என்னிடம் வெள்ளைக் கரை போட்ட பேஸ்பால் அட்டை ஒன்று இரட்டையாக இருக்கிறது, உங்களிடம் இல்லாததா? எந்த வெள்ளைக் கரை? பின்னால் என்ன விளம்பரம்? நான் முன்னே சொன்ன வரிசையில் மட்டும் பீட்மான்ட், ஸ்வீட் கேப்போரல், போலார் பேர், சவரன் என்று 16 பிராண்டுகளின் விளம்பரம் உண்டு. முன்பக்கத்தில் ஒரே படம், பின்பக்கத்தில் வேறு வேறு பெயர். இவை ஒரே வரிசையா, பதினாறு வரிசைகளா? தயாரித்த கம்பெனியின் பெயரும் அட்டையில் கிடையாது. வரித்துறைக்காக அச்சிட்ட தொழிற்சாலை எண்ணும் வட்டாரமும் மட்டும் மூலையில் இருக்கும். அந்தச் சிறு எழுத்துகளை வைத்து யார் அச்சிட்டது, எப்போது அச்சிட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

பர்டிக் இதைக் கையில் எடுத்தார். இன்றைக்கு ஒரு பல்கலைக்கழகத் துறை செய்யும் வேலையை, ஷிப்டு முடிந்து வந்த ஒரு தொழிலாளி சாப்பாட்டு மேசையில் செய்தார். 1939-ல் முதல் பட்டியல் வெளிவந்தது. 1946-ல் விரிந்த பதிப்புக்கு ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ என்று பெயர். அதன் பின் 1953, 1960 என்று இரண்டு பதிப்புகள். ஒவ்வொன்றும் நண்பர்கள் அனுப்பிய திருத்தங்களால் வளர்ந்தது.

அவருடைய முறை எளியது. எழுத்து வகையைச் சொல்லும், எண் வரிசையைச் சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு என். இருபதாம் நூற்றாண்டுப் புகையிலைக்கு டி. பழைய மிட்டாய் அட்டைகளுக்கு ஈ, 1930-க்குப் பிந்தைய மிட்டாய், சூயிங்கம் அட்டைகளுக்கு ஆர். ரொட்டிக்கடை அட்டைகளுக்கு வேறொரு எழுத்து, அஞ்சலட்டைக்கு இன்னொன்று. சிகரெட் பெட்டியோடு பட்டுத்துணியில் அச்சிட்ட படமும் வந்தது, தோலில் பொறித்ததும் வந்தது, கம்பளித் துண்டும் வந்தது. அவை மூன்றுக்கும் தனித்தனி எழுத்துகள். ஆலன் அண்டு கின்டரின் உலக சாம்பியன்கள் என்-28 ஆனது. பெயரில்லாத அந்த வெள்ளைக் கரை வரிசை டி-206 ஆனது.

சேர்த்து வைப்பது வேறு, அடுக்கத் தெரிவது வேறு. முதலாவதை ஆசை செய்துவிடும். இரண்டாவதற்கு நேர்மை வேண்டும். எனக்குப் பிடித்தது, பிடிக்காதது என்று பாராமல், கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் தர வேண்டும். பர்டிக்கின் மேன்மை எனக்குத் தெரிவது இந்த இடத்தில்தான். பேஸ்பால் ரசிகர்கள் பேஸ்பால் அட்டையை மட்டும் சேர்த்தார்கள். பர்டிக்கின் சேகரிப்பில் பேஸ்பால் 30,000-க்கு மேல், ஆனால் மொத்தத்தில் அது பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் எவரும் துரத்தாத காகிதம்.

அழகானதை மட்டும் எடுத்து வைத்திருந்தால், அந்த நூற்றாண்டின் அசிங்கமும் தப்பித்துப் போயிருக்கும். விளம்பர அட்டைகளில் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்தவை ஏராளம். ரஃப் ஆன் ராட்ஸ் என்ற எலிமருந்தின் விளம்பரத்தில் ஒரு சீனர் எலியைத் தின்னப் போவதுபோல் வரைந்து, சீனர்களை நாட்டைவிட்டு விரட்ட வேண்டும் என்ற அன்றைய அரசியல் கோஷத்தையும் சேர்த்து அச்சிட்டிருந்தார்கள். குழந்தைகளின் நோட்டில் பூக்களுக்குப் பக்கத்தில் இவை ஒட்டப்பட்டன. வெறுப்பு எவ்வளவு சாதாரணமாக, எவ்வளவு அழகான வண்ணத்தில் வீட்டுக்குள் வந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆய்வாளர்கள் இன்று இந்த அட்டைகளைத் தேடிப் போகிறார்கள் என்றால், சலித்தெடுக்காமல் சேர்த்த சிலர் இருந்ததால்தான்.

பட்டியலில் விலையும் குறித்திருந்தார். பெரும்பாலான அட்டைகளுக்குச் சில சென்ட்தான். ஒன்றே ஒன்று கண்ணில் குத்தும்: டி-206 வரிசையில் ஹோனஸ் வாக்னர், 50 டாலர்.

வாக்னர், பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். அந்தக் காலத்தின் மிகப் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர். அவருடைய சம்மதத்தை வாங்கித் தரச் சொல்லி, கம்பெனி பிட்ஸ்பர்க் பத்திரிகையாளர் ஜான் க்ரூபரை அணுகியது. வாங்கித் தந்தால் அவருக்கு 10 டாலர். வாக்னர் மறுத்துவிட்டார். சிகரெட்டோடு தன் படம் போவதில் விருப்பமில்லை என்று எழுதி, க்ரூபருக்கு அந்தப் பணம் போகக் கூடாதே என்று தானே 10 டாலருக்குக் காசோலையும் வைத்து அனுப்பினார். க்ரூபர் அதைப் பணமாக்காமல் சட்டமிட்டு மாட்டிக்கொண்டார் என்று 1912-ல் ஒரு விளையாட்டு இதழ் எழுதியது. மறுப்புக்குக் காரணம் பிள்ளைகள் புகைக்கப் பழகக் கூடாது என்ற எண்ணமா, பணமா என்பதில் இன்றும் இருவேறு கருத்து உண்டு. வாக்னர் புகையிலை மெல்லும் பழக்கம் உள்ளவர். எப்படியோ, அச்சு நிறுத்தப்பட்டது. அதற்குள் வெளியே போனவற்றில் இன்று அறுபது அளவில்தான் இருப்பதாகத் தெரிகிறது. பர்டிக்கின் ஆல்பத்தில் ஒன்று உண்டு.

அந்த அட்டையின் பிற்கால விலைக்கதை பெரியது, எனக்கு அதில் ஆர்வம் குறைவு, சுருக்கமாகச் சொல்கிறேன். 1991-ல் ஒரு வாக்னர் 4,51,000 டாலருக்குப் போனது. குற்றமற்ற நிலையில் இருப்பதாகப் புகழப்பட்ட அந்த அட்டையின் ஓரங்கள் வெட்டிச் சீராக்கப்பட்டவை என்பதை, அதைக் கைமாற்றிய வியாபாரி 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வேறொரு வாக்னர் 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றது.

பழையதைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில் புதியதும் வந்துகொண்டிருந்தது. பொருளாதார மந்தத்தின் நடுவில், 1933-ல், பாஸ்டனின் கௌடி கம்பெனி சூயிங்கத்தோடு 240 வரை எண்ணிட்ட பேஸ்பால் அட்டை வரிசையை வெளியிட்டது. பையன்கள் சில்லறை சில்லறையாகக் கொடுத்து வாங்கியும் 106-ஆம் எண் யாருக்கும் கிடைக்கவில்லை. கிடைக்காது, ஏனென்றால் அதை அச்சிடவே இல்லை. செட் முடிய வேண்டும் என்ற ஏக்கத்தில் அவர்கள் இன்னும் வாங்குவார்கள் என்ற கணக்கு அது. புகார்க் கடிதங்கள் குவிந்த பிறகு, 1934-ல் நாப் லாஜவே என்ற பழைய ஆட்டக்காரரின் படத்தை 106 என்று அச்சிட்டு, கேட்டு எழுதியவர்களுக்கு மட்டும் கிளிப் குத்தித் தபாலில் அனுப்பினார்கள். சேகரிப்பவனின் மனதை வியாபாரி எவ்வளவு நுட்பமாகப் படித்து வைத்திருந்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

1952-ல் புரூக்ளினின் டாப்ஸ் சூயிங்கம் கம்பெனி 407 அட்டைகள் கொண்ட பெரிய வரிசையைக் கொண்டுவந்தது. அந்தக் கம்பெனியின் சை பெர்கர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, சக ஊழியர் வுடி கெல்மனோடு சேர்ந்து வடிவமைத்தது. படம், கையெழுத்து, அணியின் சின்னம், பின்பக்கம் முழு ஆட்டக் கணக்கு என்று இன்றைய பேஸ்பால் அட்டையின் முகம் அங்கேதான் உருவானது. பருவத்தின் பின்பகுதியில் வந்த அட்டைகள் விற்கவில்லை. கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960-ல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகப் பெர்கரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மிக்கி மான்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை அந்தப் பின்பகுதியில் வந்தது. அதன் பிரதி ஒன்றுதான் 2022-ல் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது.

இப்போது 1947-க்குத் திரும்புவோம். பர்டிக்கின் உடல்நிலை மோசமாகிக்கொண்டிருந்தது. தனக்குப் பின் இந்தக் காகிதங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி எல்லாச் சேகரிப்பாளர்களுக்கும் வருவது. மார்கனும் ஃபோல்ஜரும் கட்டடம் கட்டிப் பதில் சொன்னார்கள். பர்டிக் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அணுகினார். அச்சுப்படப் பிரிவின் பொறுப்பில் இருந்தவர் ஏ. ஹையட் மேயர். அவர் இடத்தில் வேறொருவர் இருந்திருந்தால், நன்றி, சிகரெட் படங்கள் வேண்டாம் என்று ஒரு வரிக் கடிதம் போயிருக்கும். மேயருக்கு அச்சு என்றாலே மக்களுக்குப் படம் போய்ச் சேரும் வழி. ரெம்ப்ராண்டின் தகடும் சோப்புக் கம்பெனியின் கல்லும் அவருக்கு ஒரே வரலாற்றின் இரண்டு அத்தியாயங்கள். ஏற்றுக்கொண்டார். ஆனால் அடுக்காத காகிதக் குவியலை வாங்கி வைத்துக்கொள்ள முடியாது, நீங்களே ஒழுங்குபடுத்தி ஆல்பங்களில் ஒட்டித் தர வேண்டும் என்றார்.

3 லட்சம் காகிதங்களை, விரல் மடங்கிப்போன ஒருவர் ஒட்ட வேண்டும்.

பர்டிக் ஒப்புக்கொண்டார். பதினைந்து ஆண்டு வேலை. முதலில் சிராக்யூஸிலிருந்து செய்தார். 1959-ல், தொழிற்சாலை வேலையைத் தொடர முடியாத நிலை வந்தபோது, ஓய்வெடுக்கப் போகாமல் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தார். அச்சுப்படப் பிரிவில் அவருக்கு ஒரு சிறு மேசை கொடுத்தார்கள். தினமும் வந்து உட்கார்ந்து, பசை தடவி, தன் பட்டியலின் வரிசைப்படி ஒட்டிக்கொண்டே போனார். உலகின் பெரிய ஓவிய அறிஞர்கள் வந்துபோகும் அறையில், அவர்களோடு, சுருட்டுப் பட்டைகளை வகை பிரித்துக்கொண்டு ஒரு முன்னாள் தொழிலாளி.

1963 ஜனவரி 10. கடைசி அட்டைகளை ஒட்டி முடித்தார். மாலை ஐந்து மணிக்கு ஓவர்கோட்டுக்குள் சிரமப்பட்டுக் கையை நுழைத்துக்கொண்டு, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனதாக மேயர் பதிவுசெய்திருக்கிறார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13-ல் இறந்தார்.

அட்டைகளை ஒட்டியது தவறு என்று இன்றைய சேகரிப்பாளர்களில் பலர் சொல்வார்கள். பசை பட்டால் மதிப்பு போயிற்று, பின்பக்கம் மறைந்துவிடுகிறது, பிரித்தெடுத்தால் காகிதம் கிழியும். பின்பக்கம் மறைவது மட்டும் நியாயமான குறை என்பேன், அவரே பின்பக்கங்களைப் படித்துத்தான் பட்டியலைக் கட்டினார் என்பதால் அது இன்னும் உறுத்துகிறது. மதிப்பு போயிற்று என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒட்டப்பட்டதால்தான் அவை பிரியாமல், வரிசை கலையாமல் இருக்கின்றன. விற்பதற்காக வைத்தவை அல்ல அவை. ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு தொடர் முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாகச் சிறைப்பட்ட ஒற்றை அட்டையால் இதைக் காட்ட முடியாது.

அருங்காட்சியகம் இப்போது அதில் ஒரு சிறு பகுதியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பார்வைக்கு வைக்கிறது. பெரும் பகுதியைப் படமெடுத்துப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். நேரம் கிடைத்தால் பேஸ்பால் பக்கங்களைத் தாண்டிப் போய், பூக்களையும் மீன்களையும் பாருங்கள். ஓவியர் பெயர் எங்கும் இருக்காது.

ஏலக் கம்பெனிகளும் தரம் பார்த்துச் சான்று தரும் நிறுவனங்களும் இன்றும் டி-206, என்-172, ஈ-90 என்றுதான் எழுதுகின்றன. வாங்குபவரும் விற்பவரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

அடுத்த இதழில் அட்லாண்டிக்கைக் கடந்து பிரிட்டனுக்குப் போகிறோம். அங்கே 1938-லேயே சிகரெட் அட்டை சேர்ப்பவர்கள் சங்கம் அமைத்திருந்தார்கள். உலகின் மிகப் பெரிய சிகரெட் அட்டைச் சேகரிப்பு அங்கே ஒரு சுரங்க நிறுவன அதிகாரியின் கையில் உருவானது. இரண்டாம் உலகப் போரில் டாஞ்சியர் நகரில் எதிரியின் கண்காணிப்பு நிலையத்தை வெடிவைத்துத் தகர்த்த ரகசியப் படைக்காரரும் அவர்தான்: எட்வர்ட் வார்ட்டன்-டைகர்.

(தொடரும்)